ஏற்றும் முன் எண்ணிப் பார்!

(கோலார் தங்கவயலில் ஒரு தொடர்கல்வி மையம். அங்கே லோடு வண்டி ஓட்டுநர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடியிருந்தார்கள். அவர்களிடம் ஒரு மெக்கானிக் பேசினார். அந்தப் பேச்சு இது.)

நான் மேடையில் பேசிப் பழகியவன் இல்லை. முப்பது வருடமாக ஸ்பேனர் பிடிக்கிற கை இது. தெரிந்ததைச் சொல்கிறேன். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். உங்களில் பலருடைய அப்பாவும் தாத்தாவும் அப்படித்தான். அவர்கள் எப்படிச் சுரங்கத்துக்குள் இறங்குவார்கள்? இரும்புக் கூண்டில் ஏறி இறங்குவார்கள். கூண்டு கயிற்றில் தொங்கும். எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு ஓர் எண் உண்டு. வாசலில் நிற்பவர் தலையை எண்ணித்தான் உள்ளே விடுவார். ஒரு ஆள் கூடினாலும் "இறங்கு, அடுத்த தடவை வா" என்பார்.

"என்னப்பா, ஒரே ஒரு ஆள்தானே?" என்று சின்ன வயதில் கேட்டேன். அப்பா சொன்னார்: "கயிறு அறுந்த பிறகு எண்ண முடியாது. அறுவதற்கு முன்னால்தான் எண்ணணும்."

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சுரங்கத்தை மூடினார்கள். பலர் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். சிலர் கடன் வாங்கி வண்டி வாங்கினார்கள். 2005-இல் டாடா ஏஸ் என்ற சின்ன லோடு வண்டி வந்தது. தமிழில் அதற்கு நாம் வைத்த பெயர் குட்டி யானை. பிறகு வேறு கம்பெனிகளும் அதே மாதிரி வண்டிகளைக் கொண்டுவந்தன.

நல்ல வண்டிதான். சந்துக்குள் போகும். டீசல் குறைவு. ஏழைக்கும் ஒரு தொழில் கொடுத்தது. ஆனால் பெயரில்தான் யானை இருக்கிறது. யானை சுமக்கிற பாரத்தை அதன்மேல் ஏற்றலாமா?

என் வீட்டில் நடந்தது

என் தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு குட்டி யானை வைத்திருந்தார். பழைய வண்டி. வட்டிக்குப் பணம் வாங்கி எடுத்தது. கோலார் மண்டியிலிருந்து தக்காளி ஏற்றுவார். சித்தூர் பக்கம் போய் இறக்குவார்.

ஒரு நாள் என் பட்டறைக்கு வந்தார். "மச்சான், வண்டி பின்னால் ரொம்பத் தணியுது. பாரம் தாங்கலை. கமான் பட்டை ரெண்டு சேர்த்துப் போடுங்க" என்றார்.

நான் போட்டேன். கூலிகூட வாங்கவில்லை. சொந்தக்காரர் அல்லவா?

வண்டி நிமிர்ந்து நின்றது. மாப்பிள்ளைக்கு மகிழ்ச்சி. முன்பு ஐம்பது பெட்டி ஏற்றியவர், எண்பது பெட்டி ஏற்றத் தொடங்கினார். ஐந்து அடுக்கு. ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. ஒன்றும் ஆகவில்லை. "பார்த்தீங்களா மச்சான், வண்டி தாங்குது" என்றார்.

2013-ஆம் ஆண்டு. ஒரு நாள் விடியற்காலை. எண்பது பெட்டி தக்காளியோடு கிளம்பினார். மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவர், "நானும் வரேன், வழியில் ஊரில் இறங்கிக்கிறேன்" என்றார். முன்னால் இடம் இல்லை. பெட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

பலமனேர் தாண்டினால் மொகிலி மலைச்சரிவு வரும். உங்களில் பலருக்கு அந்த வழி தெரியும். சரிவில் மாப்பிள்ளை பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினார். பாதி வழியில் பிரேக் மிதி உள்ளே போய்விட்டது. பிடிக்கவில்லை. வளைவில் வண்டி சாய்ந்தது.

மாப்பிள்ளைக்குக் கை ஒடிந்தது. மேலே உட்கார்ந்திருந்தவர் இறந்துபோனார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

"பிரேக் ஃபெயில்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. பிரேக் கெட்டுப்போகவில்லை. அதனால் முடியாத வேலையை நாங்கள் அதற்குக் கொடுத்தோம். மாப்பிள்ளை பாரம் ஏற்றினார். நான் பட்டை ஏற்றினேன்.

கமான் பட்டை செய்வது என்ன?

இதை மெக்கானிக்காகச் சொல்கிறேன். கவனமாகக் கேளுங்கள்.

பட்டை சேர்த்தால் வண்டி தணியாது. அவ்வளவுதான். பிரேக்குக்குப் பலம் கூடாது. டயருக்குப் பலம் கூடாது. ஆக்ஸிலுக்கும் சேஸுக்கும் பலம் கூடாது. முதுகு வலிக்கிற ஆளுக்கு வலி மாத்திரை கொடுத்து, இன்னும் இரண்டு மூட்டை தூக்கச் சொன்ன மாதிரி அது. வலி தெரியாது. முதுகு போய்விடும்.

வண்டி தணிவது ஓர் எச்சரிக்கை. "போதும்" என்று வண்டி சொல்கிறது. பட்டை சேர்த்து அதன் வாயை அடைத்துவிடுகிறோம்.

பாரம் கூடினால் என்ன ஆகும்?

முதலில் பிரேக்கைப் பார்ப்போம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடும். அதாவது ஐம்பத்தைந்து அடி. குறுக்கே ஒரு குழந்தை வருகிறது. நாம் பார்த்துப் பிரேக் மிதிப்பதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கிறது. வண்டியின் மொத்த எடை ஒன்றரை மடங்கானால், பிரேக் தன் முழு பலத்தைக் காட்டினாலும், நிற்க ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும். குழந்தை அவ்வளவு தூரத்தில் நிற்குமா?

இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். பிரேக் பிடிக்கும்போது சூடு உண்டாகும். கையோடு கையைத் தேய்த்துப் பாருங்கள், சுடும். அதே மாதிரிதான். பாரம் கூடினால் சூடும் கூடும். மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடு ஆற நேரம் இல்லை. சூடு மிஞ்சினால் பிரேக் கட்டை வழுக்கும். பிரேக் ஆயில் பழையதாக இருந்தால் கொதித்துக் குமிழி விடும். அப்போது மிதி உள்ளே போகும். மாப்பிள்ளைக்கு நடந்தது இதுதான்.

அடுத்தது டயர். பாரம் கூடினால் டயர் அதிகம் நசுங்கும். சுற்றுக்குச் சுற்று நசுங்கி நிமிரும். ஒரு கம்பியை மடக்கி மடக்கி நீட்டினால் மடங்கும் இடம் சுடும் அல்லவா? டயரும் அப்படியே சூடாகும். உள்ளே அடுக்கு பிரியும். வெயில் காலத்தில் படார் என்று வெடிக்கும். சிலர் "காற்றைக் கூட்டி அடித்தால் சரியாகும்" என்பார்கள். ஆகாது. டயர் தாங்கும் எடைக்கு ஒரு வரம்பு உண்டு. காற்று அந்த வரம்பைக் கூட்டாது.

மூன்றாவது ஸ்டியரிங். பின்னால் பாரம் அதிகமானால் முன்பக்கம் லேசாகும். ஏற்றப் பலகையில் ஒரு பக்கம் கனத்தால் மறுபக்கம் எழும்புகிற மாதிரி. முன் சக்கரம் ரோட்டை நன்றாகப் பிடிக்காது. ஸ்டியரிங் கையில் மிதப்பது போல இருக்கும். "இன்னைக்கு ஸ்டியரிங் லேசா இருக்கு" என்று சந்தோஷப்படாதீர்கள். அது ஆபத்து.

நான்காவது உயரம். தாய்மார்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு குடத்தை இடுப்பில் வைத்து வேகமாக நடக்கலாம். தலையில் மூன்று குடத்தை அடுக்கிக்கொண்டு சட்டென்று திரும்ப முடியுமா? வண்டியும் அப்படித்தான். அடுக்கு உயர உயர, வளைவில் சாயும்.

"போன தடவை ஒன்றும் ஆகவில்லையே?"

இதுதான் நம் எல்லோருடைய பதில். மாப்பிள்ளையின் பதிலும் இதுதான்.

இரும்பு ஒரே நாளில் உடையாது. ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். கீறல் நீளும். கடைசியில் ஒரு சின்னக் குழியில் இறங்கும்போது ஆக்ஸில் முறியும். நாம் குழியைத் திட்டுவோம். இத்தனை நாள் ஏற்றிய பாரத்தை மறந்துவிடுவோம்.

ஒன்றும் ஆகாத தடவைகள் நம்மைக் காப்பாற்றுவதில்லை. நம்மை ஏமாற்றுகின்றன.

அட்டையில் இருக்கும் இரண்டு எண்கள்

வழக்கு நடந்தது. வக்கீல் மாப்பிள்ளையிடம் கேட்டார்: "உங்கள் வண்டியில் எவ்வளவு ஏற்றலாம்?" அவருக்குத் தெரியவில்லை.

பதில் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆர்.சி. அட்டையில் இருந்தது. அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியும். அட்டை இங்கிலீஷில் இருந்தது. "அது போலீஸ் கேட்டால் காட்டுவதற்கு" என்று வைத்திருந்தார். என் தங்கச்சிக்கு அப்போது எழுத்தே தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியும். பட்டை போடுவதற்கு முன் அட்டையை வாங்கிப் பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. இன்றுவரை என்னைத் தூங்கவிடாத விஷயம் அது.

எழுத்து எந்த மொழியில் இருந்தால் என்ன? எண் ஒன்றுதான். நீங்கள் இந்த மையத்தில் கற்ற அதே எண்கள்தான்.

லோடு வண்டியின் அட்டையில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை. இன்னொன்று பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை. பெரிய எண்தான் மொத்த எடை. பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள்.

ஒரு வண்டியின் மொத்த எடை 1,550 கிலோ, வெறும் வண்டி 850 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

1,550 – 850 = 700 கிலோ.

எழுநூறு கிலோ தக்காளி ஏற்றலாமா? கூடாது. வெறும் வண்டி எடையில் ஓட்டுநர் சேரமாட்டார். உதவியாளும் சேரமாட்டார். இருவரும் சேர்ந்து 130 கிலோ என்றால்:

700 – 130 = 570 கிலோ.

இதுதான் சரக்குக்கு உரிய எடை. நம் மண்டியில் ஒரு பெட்டியில் 15 கிலோ தக்காளி. பெட்டியின் எடையும் சேர்த்து 17 கிலோ என்று வைப்போம். 570-ஐ 17-ஆல் வகுத்தால் 33 பெட்டி வரும்.

முப்பத்து மூன்று! மாப்பிள்ளை ஏற்றியது எண்பது. அவர் "குறைவாக ஏற்றிய" ஐம்பதும் அதிகம்தான்.

தக்காளி மட்டும் இல்லை. மற்ற சரக்குகளுக்கும் சில எடைகளை நினைவில் வையுங்கள்.

சிமெண்ட் ஒரு மூட்டை 50 கிலோ. அந்த வண்டிக்கு 11 மூட்டைதான்.

செங்கல் ஒன்று சுமார் 3 கிலோ. அந்த வண்டிக்கு 190 கல்தான்.

மணல் ஒரு கன அடி சுமார் 45 கிலோ. அந்த வண்டிக்கு 12 கன அடிதான். ஈர மணல் என்றால் இன்னும் கனம்.

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆயிரம் லிட்டர் தொட்டியை நிரப்பி அந்த வண்டியில் ஏற்றவே கூடாது.

தொட்டியில் இடம் இருக்கிறதே என்று ஏற்றாதீர்கள். இடம் வேறு, எடை வேறு. பஞ்சு மூட்டை இடத்தை அடைக்கும். மணல் பாதி தொட்டியிலேயே எடையை மிஞ்சும். சந்தேகம் வந்தால் எடைமேடைக்கு, அதாவது வேபிரிட்ஜுக்குப் போய் நிறுத்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

அட்டையில் உள்ள மொத்த எடைக்கு மேல் ஏற்றி ஓட்டக்கூடாது. இது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். 2019 செப்டம்பர் முதல் இதற்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000 ரூபாய். அங்கேயே கட்டி முடிக்கும் தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறலாம்.

அபராதம் கட்டிவிட்டு அதே பாரத்தோடு போகவும் முடியாது. கூடுதல் சரக்கை இறக்க வேண்டும். இறக்கும் செலவும் நம்முடையது. 2005-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது.

இன்னொரு விஷயம். ஓட்டியவர் மட்டும் குற்றவாளி அல்ல. ஓட்டச் சொன்னவரும், ஓட்ட விட்டவரும் இந்தச் சட்டத்துக்குள் வருவார்கள். "ஏற்றுய்யா, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்கிறவரிடம் இதை மரியாதையாகச் சொல்லுங்கள்.

சரக்கின் மேல் ஆள் ஏற்றினால் என்ன ஆகும்? லோடு வண்டியில் சும்மா ஏறி வருபவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு தரவேண்டிய கடமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2004-ஆம் ஆண்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எங்கள் வழக்கிலும் அதுதான் நடந்தது. வண்டிக்காரரே பணம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

நான் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்லவில்லை. இறந்தவரின் பிள்ளைகளுக்கு யாராவது சோறு போட வேண்டும் அல்லவா? மாப்பிள்ளை வண்டியை விற்றார். தங்கச்சி தாலிக்கொடி தவிர எல்லா நகையையும் விற்றாள். அப்படியும் கடன் நின்றது.

வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வது?

உங்கள் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். "மாதத் தவணை கட்டணும். டீசல் விலை கூடிப்போச்சு. குறைவாக ஏற்றினால் வாடகை கட்டுமா? நான் மாட்டேன் என்றால் வியாபாரி அடுத்த வண்டியைக் கூப்பிடுவார்."

உண்மைதான். இது பேராசை இல்லை. பல நேரம் இல்லாமைதான் பாரம் ஏற்றுகிறது. அதனால்தான் கணக்குப் போட வேண்டும்.

ஒரு பெட்டிக்கு வாடகை பத்து ரூபாய் என்று வைப்போம். 33-க்குப் பதில் 80 பெட்டி ஏற்றினால் 47 பெட்டி கூடுதல். கூடுதல் வருமானம் 470 ரூபாய். ஒரு தடவை 20,000 ரூபாய் அபராதம் கட்டினால்? 43 நடை ஓட்டிச் சம்பாதித்த கூடுதல் பணம் ஒரே நாளில் போய்விடும். டயர் தேய்மானம், கிளட்ச் தேய்மானம், கூடுதல் டீசல் எல்லாம் இந்தக் கணக்கில் வரவில்லை. உயிரும் வரவில்லை.

ஒரு வண்டிக்காரர் தனியாக மறுத்தால் வேலை போகும். ஸ்டாண்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து மறுத்தால்? வியாபாரி யாரைக் கூப்பிடுவார்? எங்கள் பட்டறைக்குப் பக்கத்து ஸ்டாண்டில் இப்படிப் பேசி முடிவு செய்தார்கள். பெட்டிக்கு இவ்வளவு, வண்டிக்கு இத்தனை பெட்டி என்று ஓர் அட்டையில் எழுதி மாட்டினார்கள். முதலில் சண்டை வந்தது. இரண்டு பேர் உடைத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார். இன்னும் முழு வெற்றி இல்லை. ஆனால் பேரம் இப்போது எழுதி வைத்த எண்ணிலிருந்து தொடங்குகிறது.

தினமும் பாரம் கூடவே வருகிறதா? அப்படியானால் வண்டி சின்னது என்று அர்த்தம். இரண்டு நடை போங்கள். அல்லது இருவர் சேர்ந்து பெரிய வண்டி எடுங்கள்.

கிளம்பும் முன் பாருங்கள்

கனமான சரக்கை அடியில் வையுங்கள். தொட்டி முழுவதும் பரவலாக வையுங்கள். பின்பக்கமே குவிக்காதீர்கள்.

கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்திக் கயிற்றைத் திரும்பப் பாருங்கள்.

டயர் ஆறியிருக்கும்போதே காற்றுப் பாருங்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் போகாதீர்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ, அந்த கியரில் இறங்குங்கள்.

சரக்கின் மேல் யாரையும் உட்கார வைக்காதீர்கள். சொந்தத் தம்பி கேட்டாலும் கூடாது.

இப்போது என் பட்டறையில் யாராவது "பட்டை சேர்த்துப் போடு" என்று வந்தால், நான் முதலில் ஆர்.சி. அட்டையைக் கேட்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போகிறார்கள். போகட்டும்.

என் தங்கச்சி பிறகு எழுதப் படிக்கக் கற்றாள். இப்போது அவள் மகன் ஒரு கம்பெனி வண்டி ஓட்டுகிறான். முதல் நாள் அவன் வேலைக்குக் கிளம்பும்போது அவள் கேட்டது, "சாப்பிட்டியா?" என்றல்ல. "அந்த அட்டையைக் காட்டு" என்று கேட்டாள். எண்ணைப் படித்தாள். கழித்தாள். விடையைச் சுவரில் கரியால் எழுதினாள். அது இன்னும் அங்கே இருக்கிறது.

நீங்களும் இன்று இரவு வீட்டுக்குப் போய் அட்டையை எடுங்கள். வீட்டில் எல்லோரும் உட்காருங்கள். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழியுங்கள். ஆட்களின் எடையையும் கழியுங்கள். வரும் விடையை வண்டிக் கதவின் உள்பக்கத்தில் எழுதுங்கள்.

கூண்டு வாசலில் நின்றவர் அன்று நம் அப்பாக்களை எண்ணி ஏற்றினார். நம் வண்டிக்கு அப்படி யாரும் நிற்கமாட்டார்கள். நாமேதான் நிற்க வேண்டும்.

பேசிப் பாருங்கள்

1. மெக்கானிக் தன் தவறு என்று எதைச் சொன்னார்?

2. கமான் பட்டை சேர்த்தால் வண்டியின் எந்தப் பாகங்களுக்குப் பலம் கூடாது?

3. உங்கள் ஊரில் அதிக பாரம் ஏற்றும் வண்டிகள் எவை? ஏன் ஏற்றுகிறார்கள்?

4. ஒரு வண்டியின் மொத்த எடை 2,500 கிலோ. வெறும் வண்டி 1,300 கிலோ. ஓட்டுநரும் உதவியாளும் சேர்ந்து 150 கிலோ. எத்தனை சிமெண்ட் மூட்டை ஏற்றலாம்? கணக்குப் போடுங்கள்.

(விடை: 21 மூட்டை)